வீடியோவுக்கு அடித்த பாதி சீலிங்

என் கணவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். மேசைக்கு வந்த கோப்பைத் தொடாமலே அடுத்த மேசைக்குத் தள்ளுவதில் கெட்டிக்காரர். வீட்டில் ஒரு பல்பு மாற்றவும் ஆளைக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோல் சீலிங்குக்குத் தானே பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

எல்லாம் வீடியோவால் வந்தது. எங்கள் மகள் பெரியவளாகிச் சடங்கு வைக்க நாள் குறித்திருந்தோம். அந்த வருடங்களில் சடங்கென்றால் வீடியோ எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் பிள்ளை பெரியவளானதையே சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள் போலிருந்தது. கண்டியில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, வீடியோக்காரன் லைட்டைப் போட்டா மொதல்ல மேலதான் வெளிச்சம் அடிக்கும். ஒங்க சீலிங் வெத்தல துப்புன மாதிரி இருக்கு. லண்டன்ல இருக்க சொந்தக்காரங்களுக்குக் கசட் அனுப்புறப்ப இதையுமா அனுப்பப் போற?"

தட்டுத்தட்டாக ஹார்ட்போட் அடித்த பழைய சீலிங் அது. கூரை ஒழுகி, மழைத் தண்ணீர் கறைகறையாக இறங்கியிருந்தது. இத்தனை வருடம் அதன் கீழேதான் சாப்பிட்டோம், தூங்கினோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சிங்களப் பையன்கள் கிளம்பியிருந்தார்கள். ராத்திரி சுவரில் எழுதுகிறவர்கள் கடையைப் பூட்டு என்பார்கள். காலையில் துப்பாக்கியோடு வருகிறவர்கள் கடையைத் திற என்பார்கள். ரோட்டோரத்தில் டயர் எரிந்தால் அதில் என்ன எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. வடக்கில் நடந்த வேறு சண்டைக்காகத் தமிழர்களான எங்களைத் தனியாக பஸ்ஸை விட்டு இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டின் பெரிய கவலை சீலிங்.

எங்கள் ஊர் உக்குவளையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எல்லாரும் வரமாட்டேன் என்றார்கள். ஒருத்தர் வாசலில் நின்றே சொன்னார்: "அம்மா, ரோட்டுல எழுதுறவனைத் தேடிக்கிட்டு இருக்காங்க. நான் வாளியோட நடந்து வந்தா, வாளியோடயே தூக்கிருவாங்க."

என் கணவரும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார். தலையையும் ஆட்டினார். பிறகு மாத்தளைக்குப் போய் ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்தார். சீலிங்குக்கு அடிக்கிற பெயின்டும் இல்லை. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல். கேட்டால், "வீடியோவுல பளபளன்னு தெரியும்" என்றார்.

மேசைமேல் ஸ்டூலை வைத்து ஏறினார். பிரஷில் இருந்து பாதி சீலிங்குக்குப் போனது, பாதி அவர் தலைக்கு வந்தது. மகளை உட்கார வைக்கப்போகும் நாற்காலிக்கு மேலே மட்டும் அடித்துவிட்டு இறங்கினார்.

"மிச்சம்?" என்றேன்.

"கெமரா அந்தப் பக்கம் திரும்பாது."

பிறகு கை கழுவப் போனார். எனாமல் சோப்புக்குப் போகுமா? மண்ணெண்ணெய் வேண்டும். அந்த வாரம் அது எந்தக் கடையிலும் இல்லை. ஞாயிறு காலையில், டர்பன்டைன் வாங்கி வருகிறேன் என்று, விரலெல்லாம் வெள்ளையும் காதோரம் வெள்ளையுமாக மாத்தளை பஸ்ஸில் ஏறினார். நான் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் காலை உடைத்தாவது வீட்டில் போட்டிருப்பேன்.

முந்தின ராத்திரி யாரோ மாத்தளை ரோட்டில், தார்மேல், வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதே பஸ்ஸில் போன பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "அக்கா, செக்பொயின்ட்ல நம்ம கிளார்க் சேரை இறக்கி வச்சிட்டாங்க. கையைப் பாத்துட்டாங்க. சீக்கிரம் போங்க."

அந்த நாட்களில் இறக்கி வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி ஏறினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சேலையை மாற்றக்கூட நிற்கவில்லை. சாட்சி வேண்டுமே என்று நினைத்து, பெயின்ட் டின்னையும் பிரஷையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். புருஷனைக் குறை சொல்கிறேன், என் புத்தியும் அன்றைக்கு அப்படித்தான் வேலை செய்தது. பையைத் திறந்து பார்த்த சிப்பாய் உள்ளே குரல் கொடுத்தான்: "சேர், மிச்ச சாமானும் வந்திருச்சு. கொண்டு வந்தது பொம்பளை."

என் கணவர் ஜீப்புக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தார். சட்டை கிழிந்திருந்தது. அவரை என்னவென்று எழுதிக்கொள்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு. அடையாள அட்டையைப் பார்த்தவன் புலி என்றான். கையைப் பார்த்தவன் ரோட்டில் எழுதுகிற கூட்டம் என்றான். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. கச்சேரியில் பியூனை அதட்டக்கூடப் பயப்படுகிற மனுஷனுக்கு ஒரே காலையில் இரண்டு இயக்கம் கிடைத்துவிட்டது.

நான் அதிகாரியிடம் சிங்களத்தில் கத்தினேன். கெஞ்சினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் கத்தத்தான் செய்தேன். "மாத்தயா, வீட்டுக்கு வந்து சீலிங்கைப் பாருங்க. பாத்துட்டு என்ன வேணும்னாலும் செய்யுங்க."

அவர் உக்குவளைப் பக்கம் போகவேண்டியிருந்தது. அதனால் மட்டும்தான் வந்தார். எங்களையும் ஜீப்பில் ஏற்றினார்கள். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். சாரம் கட்டியவர், நாற்பது வயதிருக்கும், சிங்களவர். அவர் விரல்களிலும் வெள்ளைப் பெயின்ட்.

அதிகாரி ஹோலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். நானும் அப்போதுதான் அதை வெளிச்சத்தில் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு இடத்தில் திட்டு, ஒரு இடத்தில் வழிசல். ஓரம் முழுக்கப் பாம்பு போன தடம். நடுவில் ஒரு கரப்பான் பூச்சியையும் சேர்த்து அடித்திருந்தார். மீசை தனியாகத் தெரிந்தது.

"மத்தப் பாதி?"

"வீடியோவுல வராதுங்க, அதனால அடிக்கல" என்று நான்தான் சொன்னேன்.

"என்ன வீடியோ?"

விளக்கினேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார்.

"ரோட்டுல எழுதினவன் கோடு நேரா இருக்கு. இதை அடிச்சவனுக்கு அது வராது. விடு இவனை."

அந்த நேரத்தில் என் கணவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "சேர், இது மொத கோட்தான். ரெண்டாவது அடிச்சா சரியா வரும்."

அவர் காலை நசுக்கினேன். அதிகாரி சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நானும் வாசலுக்குப் போனேன். ஜீப்பில் இருந்தவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நோனா, நானும் வீட்டுக்குத்தான் அடிச்சேன். ஜன்னலுக்கு. அவங்ககிட்ட சொல்லுங்க. லக்கலைக்கு வந்து பாத்தாத் தெரியும்."

நான் அதிகாரியிடம் சொன்னேன். "லக்கலைக்கா?" என்றார் அவர். "ஒரு ஜன்னலைப் பாக்கவா?" ஏறி உட்கார்ந்தார். ஜீப் போய்விட்டது. உக்குவளை வழியில் இருந்தது, லக்கலை வழியில் இல்லை.

சடங்கு நடந்தது. கசட் லண்டனுக்குப் போனது. வீடியோக்காரன் சீலிங் பக்கம் கெமராவைத் தூக்கவே இல்லை. கேக்கையும் நாத்தனாரின் கழுத்தையும்தான் எடுத்திருந்தான். என் கணவருக்கு அதில் மனவருத்தம்.

அதற்குப் பிறகு ஒருநாள், மாத்தளைக்குப் போகும்போது அதே செக்பொயின்டில் என்னை இறக்கினார்கள். அன்றைக்கு லக்கலை ஆள் ஒருத்தர் இருந்தாரே, வீட்டுக்குப் போனாரா என்று அங்கே நின்ற சிப்பாயிடம் கேட்டேன்.

"எந்த ஆள்?" என்றான்.

"ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சவர்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது. போ என்றான். பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

மற்றப் பாதிக்கு அடிக்கட்டுமா என்று என் கணவர் அதற்குப் பிறகு பலதடவை கேட்டிருக்கிறார். பிரஷைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கரப்பான் பூச்சி இன்னும் மேலேதான் இருக்கிறது.