நிமிர்ந்து பார்த்த சிப்பாய்

அன்று மதியம் ஜெர்சி சிட்டி ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே தங்கையுடன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கணவருக்குத் தென் அமெரிக்க நாடு ஒன்றின் தலைநகரில், ஒரு மருந்து கம்பெனியில் வேலை. சில மாதங்களாகவே அங்கே விலைவாசி தாறுமாறாக ஏறி, பெட்ரோலுக்கு நீண்ட வரிசை, தினமும் ஏதாவது ஊர்வலம்.

"அக்கா, இன்னிக்கு சத்தமே இல்ல. நீயே பாரு" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

இரண்டு மாடிக்குக் கீழே அதிபர் மாளிகைச் சதுக்கம். கடைகள் திறந்தபடியே கிடந்தன, உள்ளே ஆளில்லை. முகமூடி அணிந்த சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு கவச வண்டி மாளிகைக் கதவை மெதுவாக முட்டியது. பின்வாங்கி, மறுபடி முட்டியது. யாரும் கத்தவில்லை.

"உள்ள போடி, கதவ லாக் பண்ணு" என்றேன்.

அப்போது ஒரு சிப்பாய் தலையை உயர்த்தி நேராக என்னைப் பார்த்தான். நான் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது லைன் கட்டாகியிருந்தது.

மூன்று மணி நேரம் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். ஆட்சியைப் பிடிக்கப் படையோடு வந்த ராணுவத் தளபதியைக் கைது செய்துவிட்டார்களாம். சிப்பாய்கள் வந்த மாதிரியே வரிசையாகத் திரும்பிப் போனார்களாம்.

"அந்தச் சிப்பாய் உன்னப் பாத்தானே, என்ன பண்ணான்?"

"ஜன்னல மூடுன்னு கையால சொன்னான்க்கா."

நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன்.