சோற்றுத் தட்டுக்கு வந்த நாய்கள்

அன்று சாயங்காலம் அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி, காப்பாரிலிருந்து துப்பாக்கியோடு வந்த வேட்டைக்கார அண்ணன் ஒருவர். எங்கள் மகள் இல்லை. அவளை மதியமே மச்சான் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். வெடிச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் நாங்கள் பிழைத்த தோட்டத்தை அப்போது விற்றுவிட்டிருந்தார்கள். பாதி நிலத்தில் தொழிற்சாலை எழும்பிவிட்டது. மீதியில், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் கேட்பாரில்லாமல் நின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஆடுகளை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போக முடியாது என்பதால் நான் மட்டும் மண்ரோட்டு ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து அங்கேயே தங்கிவிட்டேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு வேறு எந்தக் கைத்தொழிலும் தெரியாது.

அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். அதனால் லயத்து நாய்கள் அத்தனையும் லயத்திலேயே நின்றுவிட்டன. ஆரம்பத்தில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து போனார்கள். பிறகு அந்த வருகையும் நின்றது. லயத்தை இடித்தபோது நாய்கள் செம்பனைக் காட்டுக்குள் போயின. கொஞ்ச காலத்தில் அவை குரைப்பதையே விட்டுவிட்டன. ராத்திரியில் நாய் குரைத்தால் தூக்கம் கெடும் என்பார்கள். எனக்கு அவை குரைக்காததால்தான் தூக்கம் கெட்டது.

முதலில் கோழிகள் போயின. அப்புறம் ஆட்டுக்குட்டிகள். ஒரு விடியற்காலை என் மனைவி கொட்டகைக் கதவைத் திறந்தபோது, செத்த குட்டியின் மேல் தலை குனிந்து நின்றது அந்த நொண்டிப் பெட்டை. லயத்தில் எங்கள் வாசலில் கிடந்த நாய் அது. குட்டியாக இருக்கும்போதே டிராக்டர் சக்கரத்தில் பின்னங்கால் மாட்டி நொண்டியானது. பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்குப் போகும்போது தினமும் பெரிய ரோடு வரைக்கும் கூடவே போய்த் திரும்பி வரும். என் மனைவியைப் பார்த்ததும் வாயில் ரத்தத்தோடு வாலை ஆட்டியதாம். இதைச் சொல்லிவிட்டு அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை.

ஆடு போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை மகள் தனியாகப் பஸ்ஸுக்கு நடக்கும்போது, அவள் பின்னால் நாய்கள் வரிசையாக வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பாராங்கத்தியைத் தூக்கிக்கொண்டு கத்தியபடியே ஓடினேன். அவை சத்தமில்லாமல் மரங்களுக்குள் நுழைந்து மறைந்தன. மகள் அழவில்லை. "சும்மாதான்பா பின்னால வந்துச்சு," என்றாள். எட்டு வயதுப் பிள்ளை சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. மறுநாளே காப்பாருக்குப் போனேன்.

அந்த அண்ணன் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர், ரயில்வே குடும்பத்துக் கிறிஸ்தவர். பன்றி சுடுவதற்குத் தோட்டங்களில் அவரைக் கூப்பிடுவார்கள். வந்ததும் துப்பாக்கியைத் தொடவில்லை. முதலில் லாலாங் புல்லைக் கிள்ளி மேலே போட்டு, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார்.

"நம்ம தேடிப் போனா அது ஓடிரும் தம்பி. அதுவா வரணும். அதுக்குக் கூப்பிடத் தெரியணும். காத்து அது மூஞ்சிலேர்ந்து நம்ம மூஞ்சிக்கு வரணும். உங்க மேல என்ன வாசனை?"

கொசுவுக்காகக் கை கால் எல்லாம் தைலம் தடவியிருந்தேன். என் சட்டையைக் கழற்றச் சொன்னார். மச்சான் பக்கம் திரும்பினார்.

"நீங்க சிகரெட்டைத் தூரப் போடுங்க."

"அண்ணே, எங்க மச்சானைக் கூட்டிட்டு வந்ததே தப்பு," என்றான் அவன் என்னைக் காட்டி. "அவருக்கு அடிக்கிற நெஞ்சு சத்தத்துலயே நாயி கிள்ளானுக்கு ஓடிரும் லா."

கொட்டகைக்குப் பக்கத்தில், செம்பனை மட்டைகள் குவிந்து கிடந்த இடத்தில் உட்கார்ந்தோம். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கையை ஆட்டக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது, கண்ணை மட்டும் திருப்பலாம் என்றார். பிறகு ஒரு லாலாங் இலையை இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து ஊதினார். குட்டி ஆடு வேலியில் மாட்டிக்கொண்டு கத்துகிற குரல். கொட்டகையில் இருந்த தாய் ஆடுகள் மூன்றும் எழுந்து நின்றுவிட்டன.

முதலில் மெதுவாகத்தான் ஊதினார். நாய் பக்கத்திலேயே இருந்தால் பெரிய சத்தத்தில் பயந்து போய்விடுமாம். கொஞ்சம் ஊதி, நிறையச் சும்மா இருக்க வேண்டுமாம். பொறுமை இல்லாமல் ஊதிக்கொண்டே இருந்தால், இந்தக் குட்டிக்கு மட்டும் ஏன் களைப்பே வரவில்லை என்று மிருகத்துக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் எனக்கு எல்லாக் கவலையும் வந்தது. தோட்டா பக்கத்துத் தொழிற்சாலைச் சுவரில் பட்டால் என்ன ஆகும். ஒரு நாய் தப்பித்து, வெறி பிடித்து வந்தால் என்ன ஆகும். மகள் அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டாளோ இல்லையோ.

எங்களுக்குப் பின்பக்கம், காற்று போகிற திசையில், பெரணிச் செடிகள் அசைந்தன. அண்ணன் ஊதுவதை நிறுத்தினார். செடிகள் ஒரு வரிசையாக அசைந்து, நின்று, தூரமாகப் போய் அடங்கின.

"சுத்தி வந்து மோந்து பாத்துட்டுப் போயிருச்சு," என்று எழுந்தார். "காட்டு மிருகமா இருந்தா இன்னொரு தடவை வரும். இதுங்க மனுசங்கிட்ட வளந்ததுங்க. ஆட்டுக் குரல்ல ஆள் வாசனை வந்தா என்னான்னு அதுக்குத் தெரியும்." புல்லைக் கீழே போட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "தங்கச்சி, லயத்துல இருக்கும்போது இதுங்கள எப்படிக் கூப்புடுவீங்க?"

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் மச்சானுக்கும் அது சொல்லாமலே தெரியும். லயத்தில் சாயங்காலச் சோறு முடிந்ததும், மிச்சத்தையும் மீன் முள்ளையும் அலுமினியத் தட்டில் வழித்துப்போட்டு, வாசல் கல்லில் நின்று கரண்டியால் தட்டை மூன்று தட்டு தட்டுவாள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான். எங்கள் லயத்து நாய்களுக்குப் பெயர் வைக்கிற பழக்கமே இல்லை. தட்டுச் சத்தம்தான் பெயர்.

"வேணாம்ணே," என்றாள் கடைசியில். "சோத்தைக் காட்டிக் கூப்புட்டு சுடுறதா? அது என்ன பாவம்."

"பாவம்தான். இல்லைன்னு நான் சொல்லலையே," என்றார் அவர். "ஆனா திங்கக்கெழம உங்க புள்ள அந்தப் பாதையிலதான் நடக்கணும்."

மச்சான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெள்ளிக்கிழமைக் காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். "கூப்புடு," என்றேன்.

உள்ளே போனாள். அடுப்படியில் பானை நகரும் சத்தம் கேட்டது. வெறும் தட்டை எடுத்து வருவாள் என்று நினைத்தேன். மதியக் குழம்பை ஊற்றிப் பிசைந்த சோற்றோடு வந்தாள். வெட்டவெளியில் நின்று மூன்று தட்டு தட்டினாள்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காற்றும் பார்க்கவில்லை, சுற்றியும் வரவில்லை. நேர் எதிரே, மண்ரோட்டின் நடுவில், நான்கு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவற்றில் ஒன்று குரைத்தது. நொண்டி கடைசியாக வந்தது.

துப்பாக்கியின் இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடித்தன. முன்னால் வந்த இரண்டும் விழுந்தன. மூன்றாவது திரும்பி ஓடிப் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நொண்டி ஓடவில்லை. தீபாவளி வெடிக்கு என்ன செய்யுமோ அதையே செய்தது. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து என் மனைவியின் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அவள் கைலி நடுங்கியது. நடுங்கியது அவளா, நாயா என்று தெரியவில்லை.

அண்ணன் தோட்டா மாற்றிவிட்டு, "இது?" என்றார்.

அதன் வாயில் ரத்தத்தைப் பார்த்தவள் என் மனைவிதான். மற்ற நாய்களுக்குக் கொட்டகைக்கு வழி காட்டியதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவள் குனிந்து தட்டைத் தரையில் வைத்தாள். நாய் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக வாய் வைத்தது.

"சாப்பிட்டு முடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். தட்டு காலியானதும் நாய் அதை நக்கி நக்கி முன்னால் தள்ளியது. அந்த அலுமினியம் மண்ணில் உரசுகிற சத்தம் முடிந்த பிறகுதான் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நொண்டியோடு சேர்த்து மூன்றையும் ஒரே குழியில் புதைத்தோம். மண் வெட்டியது முழுக்க மச்சான்தான். அன்று அதற்குப் பிறகு அவன் ஒரு கேலியும் பேசவில்லை. தட்டையும் குழியில் போடச் சொல்லி மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

திங்கட்கிழமை மகளோடு நானே பெரிய ரோடு வரை நடந்தேன். பாதையில் ஒன்றும் இல்லை. அவள் நடந்துகொண்டே இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். "என்ன பாக்குற?" என்றேன். "நொண்டி பஸ் வர வரைக்கும் நிக்கும்பா. எப்பவும் நிக்கும். அதான்," என்றாள்.

அது அவளைத் துரத்தி வந்ததா, பழைய நினைப்பில் கூட நடந்து வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் பிள்ளையை வைத்து நான் சோதித்துப் பார்த்திருக்க மாட்டேன். இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

ஒரு நாய்க்குப் பத்து வெள்ளி என்றுதான் அந்த அண்ணனோடு பேச்சு. சுட்ட அன்று அவர் கிளம்பும்போது பத்து வெள்ளிச் சிவப்பு நோட்டு மூன்றை நீட்டினேன். இரண்டை மட்டும் உருவிக்கொண்டார். "மூணாவதா சுட்டதுக்கு இப்ப வேணாம் தம்பி. இன்னொரு நாள் வந்து வாங்கிக்கிறேன்," என்றார். அவர் வரவில்லை. நானும் காப்பாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்தப் பத்து வெள்ளி இன்னும் பாக்கி.