தெள்ளார் வீட்டுக் கதவு

ஆரணியில் பட்டு முதலாளிகள் புது வீடு கட்டினால், தலைவாசல் கதவுக்கு வார்னிஷ் அடிக்க இன்னாசிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற கதவுகளை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தலைவாசலுக்கு அவர் வரவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். விரிசலுக்கும் ஓட்டைக்கும் மக்கு வைத்து அடைத்து, மறுபடியும் தேய்ப்பார். பிறகு துணியில் பஞ்சைச் சுருட்டி மெல்லிசாக ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபிறகு இன்னொன்று. இடையில் யாராவது அவசரப்படுத்தினால் டப்பாவை மூடிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அந்தத் திமிர் அவரிடம் உண்டு, இல்லையென்று சொல்லமுடியாது.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மனுசனைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பார்ப்பார். துக்க வீட்டில்கூட மாலையைப் போட்டுவிட்டு வந்து நிலைக்காலைத் தடவிக்கொண்டு நிற்பார். அவர் மனைவி அமுதா தலையில் அடித்துக்கொள்வாள். "கதவ ஒழுங்கா வெச்சிகினு இருக்கிறவன் குடும்பத்தையும் ஒழுங்காத்தான் வெச்சிருப்பான்" என்பார். இப்படி ஒரு கணக்கை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

அமுதாவுக்கு அடுத்தபடி இந்தக் கிறுக்கை அறிந்தவன் வின்சென்ட். தொழிலில் கூட்டாளி. ஒரே டப்பாவில் துணியை நனைத்து, ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டு வளர்ந்த உறவு. இன்னாசிமுத்துவின் ஒரே மகள் ரீனாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவன்தான். ரீனா இப்போது ஒரு பட்டுக்கடையில் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு நல்லது நடக்கவேண்டுமென்று அப்பனைவிட வின்சென்ட்டுக்குத்தான் பரபரப்பு அதிகம் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

மாப்பிள்ளையை அவனே கொண்டுவந்தான்.

"எங்க அக்கா மவன் ஆன்சன்தாண்ணா. பெங்களூர்லேர்ந்து குடும்பத்தோட திரும்பிட்டாங்க. தெள்ளார்ல வூடு வாங்கி குடி வந்துட்டாங்க. நீயே வந்து பாரு."

இன்னாசிமுத்து போய்ப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்று சொல்லவேண்டியதில்லை. தலைவாசல் கதவு தேன் நிறத்தில் மின்னியது. உள்ளங்கையால் தடவினார், எங்கேயும் சொரசொரப்புத் தட்டவில்லை. பூச்சு ஒரே சீராக ஓடியிருந்தது.

"யாருடா அடிச்சது?"

"மெட்ராஸ் ஆளுங்களாம்ண்ணா."

"நம்ம கை மாதிரியே கீதுடா."

வின்சென்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இன்னாசிமுத்துவுக்குப் பெருமைதான் தெரிந்தது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்ததென்று அர்த்தம். பிடிக்காவிட்டால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அன்று இலை போட்டதும், "ஒருவாட்டி விசாரிச்சிகினு அப்பறமா சாப்பிடலாம்ங்க" என்று அமுதா காதோரம் சொன்னாள். இன்னாசிமுத்து அதற்குள் சோற்றைப் பிசைந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரீனாவிடம், "நல்ல குடும்பம்மா, அப்பா பாத்துட்டேன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று பூசையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வது வழக்கம். முதல் ஓலை வாசித்தபோது வின்சென்ட் இன்னாசிமுத்துவின் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது ஓலைக்கும் அப்படியே.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முன், சீராகக் கொடுக்கும் கட்டில் அந்த வீட்டு அறைக்குள் நுழையுமா என்று அளந்துவர இன்னாசிமுத்து தெள்ளாருக்குப் பஸ் ஏறினார். சொல்லாமல்தான் போனார், சம்பந்தி வீடுதானே. ஊரெல்லாம் விடாத மழை. வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் கதவைப் பார்த்தார். தேன் நிறம் போய் வெள்ளை பூத்திருந்தது. கீழ்க்கட்டையில் மக்கு உப்பி நின்றது. விரலை வைத்ததும் ஈரமண்ணாக உதிர்ந்துவிட்டது. உள்ளே மரம் முழுக்கச் செல்லரித்திருந்தது. அத்தனை பெரிய பொத்தலை இவ்வளவு நறுவிசாக மறைக்க ஆரணியில் இரண்டே பேரால் முடியும். ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் குடையோடு வெளியே வந்தாள்.

"யாரத் தேடறீங்க? இது வாத்தியாரு வூடாச்சே. அவரு மெட்ராஸ்ல கீறாரு."

"ஆன்சன்னு ஒரு பையன்..."

"அவங்களா? பொண்ணு வூட்டுக்காரங்க வராங்கன்னு நாலு நாளைக்கு சாவி வாங்கிகினாங்க. அந்தப் பையனோட அம்மாவுக்குத் தம்பி ஒருத்தரு ஆரணிலேர்ந்து வந்து குந்திகினு இந்தக் கதவ மட்டும் மாஞ்சி மாஞ்சி தேச்சாரு. செவுத்துக்கு சுண்ணாம்புகூட அடிக்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பையனுக்கு பெங்களூர்ல பொண்டாட்டியும் கொழந்தையும் கீதுன்னு அவங்களுக்குள்ளயே பேசிகினாங்க. நீங்க யாருங்க?"

இன்னாசிமுத்து நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மோசம் போனோம் என்பதைவிட, யாரால் போனோம் என்பதுதான் அவரைத் தின்றது.

திரும்பி வந்தபோது வின்சென்ட் வேலைக் கொட்டகையில் ரீனாவின் கட்டிலுக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தான்.

"தெள்ளாரு கதவ அடிச்சது யாருடா?"

வின்சென்ட்டின் கை நின்றது. மறுக்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

"அக்கா அழுதுச்சுண்ணா. அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிகினு அம்மா வூட்டுக்குப் போயிடுச்சு. ரீனா மாதிரி ஒருத்தி வந்தா இவன் திருந்திடுவான்னு நெனச்சோம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா பொண்ண குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"எந்தக் கையில அவள ஏந்தி நின்னியோ, அதே கையிலதான அந்தக் கதவத் தேச்ச?"

வின்சென்ட் துணியைக் கீழே வைத்தான். "நீ வேற எதையும் பாக்கமாட்டன்னு எனக்குத் தெரியும்ண்ணா."

இன்னாசிமுத்து அடிக்கக் கை ஓங்கினார், ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

"இத்தினி வருசமா எங்கூட குந்திகினு நீ வேலையக் கத்துக்கலடா. என்னியக் கத்துகினிருக்க. எழுந்திரு. போ."

அவன் போனான். இன்னாசிமுத்து ஈரச் சட்டையோடு நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிந்ததும் ஜனங்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். வின்சென்ட் வரவே இல்லை. அவன் உட்காரும் இடத்தை யாரும் நிரப்பாததால் அது இன்னாசிமுத்துவின் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது.

வீட்டில் ரீனா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. கல்யாணப் புடவையை மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். வின்சென்ட் சித்தப்பா செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனை இன்னாசிமுத்து திட்டித் தீர்த்து மூச்சு வாங்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு அவங்க வூட்டுக்குப் போனியேப்பா. அந்தப் பையன்கிட்ட இன்னா பேசுன?"

இன்னாசிமுத்து யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பேசியிருந்தால்தானே வரும்.