குடித்தது புட்டி, மாட்டியது டிரைவர்

குடிபோதை வழக்கு நடத்தும் வக்கீல் ஆபீசில் பாதி சாட்சியம் வாடைதான். அந்த வாடையால் அநியாயமாக மாட்டியவர் குமராட்சி மினிபஸ் டிரைவர் அன்பழகன். ஒரு சொட்டுகூடத் தொடாதவரை, குடித்துவிட்டு ஓட்டினார் என்று எழுதி, லைசென்ஸைப் பிடுங்கி, வண்டியை விட்டே இறக்கிவிட்டார்கள். நான் அப்போது சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையானால் கடலூரில் அக்கா வீட்டுக்கார மாமாவின் வக்கீல் ஆபீசில் ஓசி வேலை. அங்கேதான் அவர் கேஸும் வந்தது. வாய்தா வாய்தாவாக நடந்து செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

நெல் காய்ந்த ரோடு

நடந்தது இவ்வளவுதான். கோடை அறுவடை சமயம், காலை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள். எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கிய மினிபஸ், நெல்லில் சறுக்கி வாய்க்காலோரம் போய் நின்றது. பயணிகளுக்கு ஒன்றுமில்லை. அன்பழகன் அண்ணனுக்கு மட்டும் நெற்றியில் காயம். ஆஸ்பத்திரியில் காயத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த டாக்டர் முகத்தருகே குனிந்து, "மது வாடை உண்டு" என்று எழுதி, ரத்தமும் எடுக்கச் சொன்னார். கூட வந்த ஏட்டும் மோந்து பார்த்துவிட்டுக் கேஸ் போட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. நெற்றியில் ஸ்பிரிட்டைத் தடவினால் மல்லிகைப்பூவா மணக்கும்?

மாமா அசரவில்லை. "எல்லா கட்சிக்காரனும் குடிக்கலைன்னுதாம்மா சொல்லுவான். ரத்தத்துல இருக்குதுன்னு ரிப்போர்ட்டே வந்திருக்கு" என்றார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வுடுதலை அப்பறம் தங்கச்சி. இவரு குடிக்கலப்பான்னு யாராச்சும் ஒருத்தரு வாயால சொல்லணும், அது போதும்."

என் முதல் கண்டுபிடிப்பு

ஒரு வாரம் தூங்கவில்லை. ரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் கையைத் துடைத்த பஞ்சிலும் ஸ்பிரிட்தானே? அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்று நாலு பக்கம் எழுதி மாமா மேஜையில் வைத்தேன். "எவ்வளவு கலக்கும்? நம்பரா சொல்லு, கோர்ட்ல கேப்பாங்க" என்றார். நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். துடைத்த இடம் காய்ந்திருந்தால் ஏறுவது அற்பத்திலும் அற்பம். சட்டம் அனுமதிப்பது நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம். அண்ணனுக்கு வந்திருந்ததோ அதைவிடக் கூட. பஞ்சால் அது வராது.

வெட்கத்தோடு போய் என் வாதத்தை நானே உடைத்தேன். மாமா நாலு பக்கத்தையும் மடித்துத் திருப்பித் தந்தார்: "ஏம்மா, நீ நமக்கு வேலை பாக்குறியா, சர்க்கார் தரப்புக்கா?"

இல்லாத பொடி

அப்போதுதான் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படித்தேன். ரத்தம் எடுத்தது ஒரு நாள், ஆய்வகம் போய்ச் சேர்ந்தது ஆறாம் நாள். கோடைகாலம். சோடியம் ஃப்ளூரைடு என்ற பொடியைப் புட்டியில் போடாமல் வெயில் காலத்தில் வெளியே வைத்தால், கிருமி புகுந்த ரத்தத்திலுள்ள சர்க்கரை தானாகவே புளித்துச் சாராயமாகலாம். ஆளே வேண்டாம், புட்டியே குடித்துக்கொள்ளும்! பொடி போட்டார்களா என்று கோர்ட்டில் டாக்டரைக் கேட்டார் மாமா. "வழக்கமா போடுவோம்" என்றார் டாக்டர்.

அடுத்து ரத்தம் எடுத்த நர்ஸ் கூண்டில் ஏறினார். கடலூர் முதுநகர்க்காரர். எதிரே டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கும் அவரிடம்தான் வேலை. அந்த அம்மாவோ, "அன்னிக்கி பொடி தீந்துபோச்சிங்க. வெறும் புட்டிலதான் புடிச்சேன். ஃப்ரிட்ஜும் ரிப்பேரு. ட்யூட்டி நோட்டுல எழுதியிருக்கேன்" என்றார். நோட்டை வரவழைத்தார்கள், அப்படியே இருந்தது. வராந்தாவில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை விடுவித்துக்கொண்டார்: "ஒங்க ஆளுக்காவ சொல்லலம்மா. நான் எழுதுன நோட்டு, நானே எப்பிடி இல்லன்னு சொல்றது?"

சந்தேகத்தின் பலன்

விடுதலை! நான் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறேன், அண்ணன் சிரிக்கவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது, குற்றம் நிரூபணமாகவில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். சட்டம், ரசாயனம் இரண்டையும் கலந்து கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரி தங்கச்சி. குடிக்கலன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"

தீர்ப்பை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்; அப்படி ஒரு வரி அதில் இல்லை.

முன் சீட்டு

லைசென்ஸ் திரும்பி வந்து, முதலாளியும் வண்டியைக் கொடுத்த பிறகு ஒருநாள் நானும் அந்த மினிபஸ்ஸில் ஏறினேன். வழியில் கை காட்டி நிறுத்தியது யார் என்கிறீர்கள்? கேஸ் போட்ட அதே ஏட்டு. பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் அவர் மகள். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரோ பிள்ளையை முன் சீட்டில் உட்காரவைத்து, பையை மடியில் வைத்து, "எறங்கி ரோட்டத் தாண்டுற வரைக்கும் பாத்துக்கப்பா" என்றார். அண்ணன் கியரில் கையை வைத்தபடி கேட்டேவிட்டார்: "ஏட்டையா, அன்னிக்கி நான் குடிச்சிருந்தேனா?"

வக்கீல், கெமிஸ்ட்ரி, கோர்ட் என்று ரெண்டு வருஷம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முழி பிதுங்கியும் வாங்கித் தர முடியாத தீர்ப்பை, கேஸ் போட்டவரே படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்: "குடிக்கிறவன் வண்டியிலயா எம் பொண்ண ஏத்துவேன்? குடிக்கலய்யா நீ, ரோட்டப் பாத்து ஓட்டு!"