ஒன்றும் முளைக்காத தட்டு

என் மகனுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது வயிற்றுப்போக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தண்ணீரைத்தான் காரணமாகச் சொன்னார். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. மாடித் தொட்டியில் தேக்கி வைத்ததைத்தான் எல்லாவற்றுக்கும் எடுப்போம். மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? இவ பகல் பூரா கிருமி வளர்க்கிறான்னு அவர்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் கிருமி வளர்த்தது உண்மை. சுனாமியின்போது நிலம் தாழ்ந்து, ஏறிய கடல் திரும்பிப் போகாமலே தங்கிவிட்ட வயல்கள் இங்கே அந்தமானில் உண்டு. அந்தச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவை வைத்து, போர்ட் பிளேரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தேன். நெல்லைக் கொன்ற உப்பில் அது எப்படிப் பிழைக்கிறது என்பதே கேள்வி. மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்போம். எதை எடுத்தால் எது நின்றுபோகிறது என்று பார்த்தால் எதற்கு என்ன வேலை என்று பிடிபடும்.

இரண்டு மரபணுக்கள் என்னைப் படுத்தி எடுத்தன. முதலாவதை எடுத்தேன், உப்பில் நன்றாக வளர்ந்தது. இரண்டாவதை மட்டும் எடுத்தேன், அப்போதும் வளர்ந்தது. இரண்டுமே வேண்டாதவை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் எதையும் திரும்பத் திரும்பப் பார்க்காவிட்டால் மனம் ஆறாதே. ஒன்று இல்லாதபோது மற்றது அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறதோ? இரண்டையும் ஒரே பாக்டீரியாவிலிருந்து எடுத்தால் தெரிந்துவிடும். அதை முடித்துக் காட்டினால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்று என் வழிகாட்டி சொல்லியிருந்தார். பாதி முடித்திருந்தேன்.

மாலையில் வந்ததும் குளிக்காமல் குழந்தையைத் தொடக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். சாவு வீட்டுக்குப் போய்வந்தவளைப் போல நேராகப் பின்பக்கம் போவேன். ஆய்வுக்கூடத்திலேயே சோப்பு போட்டு, ஸ்பிரிட் தடவிக் கை கழுவியிருப்பேன். அது கணக்கில் சேராது. உள்ளே குழந்தை அழும். பால் கட்டி எனக்கு மார்பு வலிக்கும். அந்தத் தொட்டித் தண்ணீரையே தலையில் ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

"இந்த மாசத்தோட நின்னுடேன்," என்றார் கணவர். "எதுக்கு ரிஸ்க்?"

"அது மனுஷங்களுக்கு நோய் குடுக்கிற பாக்டீரியா இல்லைங்க."

"நிச்சயமா சொல்லுவியா?"

அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டேன். எங்கள் வேலையில் யாரும் நிச்சயம் என்று சுலபமாகச் சொல்வதில்லை. சட்டை மடிப்பிலோ தலைமுடியிலோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? என் குழந்தைக்கு நானே கொடுத்திருந்தால்?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மரபணுவை எடுத்த இடத்தில் அடையாளத்துக்காக, மருந்தைத் தாங்கும் வேறொரு மரபணுவை வைத்திருந்தோம். அதனால் எங்கள் பாக்டீரியா, மற்றவை செத்துப்போகும் ஒரு மருந்தும் நிறைய உப்பும் கலந்த ஜெல்லி நிரப்பிய தட்டிலும் வளரும். வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, குழந்தை வெளிக்குப் போன துணியிலிருந்து எடுத்ததை அப்படியொரு தட்டில் தேய்த்தேன். தட்டு சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்னொன்றில் என் பாக்டீரியாவைத் தேய்த்தேன். மறுநாள் முதல் தட்டில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவு சுத்தமான பதில் அதற்கு முன் என் கைக்குக் கிடைத்ததில்லை.

வெறும் தட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாமல் அதைக் காட்டுவது ஏமாற்று என்று படித்தவள் நான். இரண்டையும் டேப் சுற்றி, கவரில் போட்டு எடுத்துப் போனேன்.

மாமியார் வெறும் தட்டைப் பார்க்கவே இல்லை.

"இதென்ன, ரவை மாதிரி?"

"அதுதான் அத்தை என் பாக்டீரியா. இது புள்ளையோடது, இதுல ஒண்ணுமே முளைக்கல பாருங்க. அப்படின்னா..."

"ஜிந்தாவா இருக்கா? உசிரோட?"

"இருக்கு, ஆனா மூடித்தான்..."

"அரே பாப்ரே! டேய், இங்க வாடா! கிருமி கொண்டு வரல, கொண்டு வரலன்னா. இப்போ டப்பால அடைச்சே கொண்டாந்துட்டா!"

கணவர் வந்து, தொடாமல் குனிந்து பார்த்தார்.

"புள்ளையோடதுல ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க."

"டெஸ்ட் வேலை செய்யலையோ என்னவோ."

"அது தெரியறதுக்குத்தாங்க இந்த இன்னொரு தட்டு."

"அதைத்தானே அம்மா கேக்கறாங்க. அதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டாந்தே?"

நான் பாக்டீரியாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஒரே நாள், கொண்டுவரவில்லை என்று நிரூபிக்க. மாமியார் ஹாலை ஃபினாயில் ஊற்றிக் கழுவினார். நான் தட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய் ஆட்டோகிளேவின் நீராவியில் வைத்துக் கொன்றேன். மாதக் கடைசியில் நின்றுவிட்டேன்.

மீதி வேலையை மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு பெண் முடித்தாள். இரண்டு மரபணுவும் போனால் அது உப்பில் சாகிறது. வழிகாட்டி போன் செய்து, "கரெக்டா கெஸ் பண்ணியிருக்கேம்மா," என்றார். கெஸ். "தேங்க்ஸ் சார்," என்றேன்.

அதற்குள் நான் வேலையை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. கடைக்குப் போவதைத் தவிர வெளியே காலடி வைப்பதில்லை. அந்த வாரம் மகனுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. அதே நிறம், அதே நாற்றம். நான் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன்.

"பல்லு வருதுல்ல," என்றார் அவர். "பல்லு வர்றப்போ புள்ளைங்களுக்குப் போகத்தான் செய்யும்."

கணவர் தலையாட்டினார்.

"அப்படித்தான் இருக்கும் அத்தை," என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைக்க எழுந்தேன்.