குழாயடியும் எட்டு நிமிடமும்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் கல்லூரி. ஆசிரியர்களுக்குக் கணினியிலும் ஆன்லைன் பாடத்திலும் கைகொடுப்பது என் வேலை. யாராவது "எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்றால் எனக்குக் கோபம் வரும். வரவைக்காமல் விடமாட்டேன். குரங்குப் பிடி.

அந்த வருடம் எம்.ஏ. சமூகவியலுக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் இருந்தார். பக்கத்து ஆண்டர்சன்பேட்டை அம்மாள். மாணவர்கள் வாரம் முழுக்க பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. மீதிப் பாடத்தை வீடியோவாகப் போட வேண்டும், மாணவர்கள் அதைப் பார்க்கவும் வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் பெயரைப் பரிந்துரைக்க முடியாது என்று பிரின்சிபால் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான்.

ஆறு பாடம் எடுத்தோம். விளக்கு, பின்னணித் திரை, எழுத்துகள் பறந்து வரும் தலைப்பு எல்லாம் என் கைவண்ணம். ஒருவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று திட்டித் தீர்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் மாரிகுப்பத்தில் அவர்கள் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலிலேயே ஏறினேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் நிற்கவே இடமில்லை. ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கை சாப்பாட்டுப் பையில். அந்த வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். ஏன் பாடம் பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

"எங்க ஆன்ட்டி பாக்கறது? கை ஃப்ரீயா இல்ல, டவரும் வந்து வந்து போவுது. அதுவும் வீடியோல மேடம் வேற யாரோ மாதிரி பேசறாங்க. கிளாஸ்ல அப்படி இல்லியே, குழாயடி கதையெல்லாம் சொல்வாங்க."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் மைக்கோ கேமராவோ எதிரே வந்தால் நாக்கு தானாக இங்கிலீஷுக்குத் தாவிவிடும். சுரங்கத்தில் துரைமார் இருந்த காலத்துப் பழக்கம். அந்த அம்மாளும் புத்தகத்தில் இருந்ததை மூச்சுவிடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தார். நானும் அதுதான் மரியாதை என்று தலையாட்டிப் பதிவு செய்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் கேமராவைத் துணி போட்டு மூடினேன். ஃபோனில் குரல் பதிவை மட்டும் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அதிகாரம் என்றால் என்ன என்பது பாடம். வகுப்பில் சொல்கிற குழாயடிக் கதையை எனக்குச் சொல்லுங்கள் என்றேன். முதலில் தயங்கினார். பிறகு, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் பொதுக் குழாயில் யார் குடம் முதலில் என்று ஒரு பெண்மணி எப்படி முடிவு செய்தார், மற்றவர்கள் ஏன் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்று தமிழும் நடுவில் கன்னடமுமாகப் பேச ஆரம்பித்தார். எட்டு நிமிடம். வீட்டிலேயே ஃபோனில் இறக்கிக்கொண்டு ரயிலில் காதில் மாட்டிக்கொள்ளலாம். பழைய ஆறு பாடத்தையும் அப்படியே மறுபடி பேசவைத்தேன். பிள்ளைகள் கடைசிவரை கேட்டார்கள்.

வந்தது அடுத்த வில்லங்கம். அடுத்த வருடத்துக்குப் பெயரைப் பரிந்துரைக்கும் படிவத்தில் வீடியோவுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. விடுவேனா? கரும்பலகையை ஒரு படம் எடுத்து, அதன் மேல் குரலை ஏற்றி, வீடியோ என்றே போட்டேன்.

பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒரே படம் அசையாமல் நிற்கிறதே, இது என்ன வீடியோ என்று கேட்டார்.

"பாக்காதீங்க சார், கேளுங்க" என்றேன்.

வேண்டாவெறுப்பாக ஓடவிட்டார். டீ ஆறியது. இரண்டு முறை யாரோ கதவைத் தட்டினார்கள். அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எட்டு நிமிடமும் முடிந்ததும் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடி அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தனை பேரையும் வரிசைல நிக்க வச்சாங்களே, அந்தம்மா யாரு?"

அதுவரை அந்த அறையில் இங்கிலீஷ் தவிர வேறு பேசாதவர், தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"எங்கம்மா தான் சார்."