வெயில் வரட்டும் என்றேன்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாரிஸ் லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். அல்ப்ஸ் மலையில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்த என் கணவரின் நண்பர், ஈஸ்டர் விடுமுறைக்கு எங்களை அழைத்திருந்தார். எனக்கோ ஒரே ஆசை. சினிமாவில் வருவதுபோல் பனியில் சேலையோடு நின்று ஒரு படம் எடுக்கவேண்டும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நண்பர் வேலைக்குப் போகுமுன், "காலமை வெள்ளன வெளிக்கிடுங்கோ. பத்து மணிக்குப் பிறகு மேல நிக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்டால்தானே? வெயில் வந்தால்தான் சேலையின் சிவப்பு படத்தில் எடுப்பாக விழும் என்று அடம்பிடித்தேன். குளிர்காலம் முழுக்க லா சப்பலில் ஒடுங்கிக் கிடந்த எங்களுக்கு, வெயில் எறித்தாலே நல்ல நாள். சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது பதினொரு மணி.

பாதி வழியில், ஊன்றுதடிகளோடு இறங்கி வந்த ஒரு பிரெஞ்சுப் பெண் எங்களை மறித்தார். ஐம்பது வயதிருக்கும். தடியைப் பனியில் குத்திக் காட்டினார். அரைவாசிக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. எனக்கு அப்போது பிரெஞ்சு பிடிபடாது. கணவர்தான் சொன்னார். "இரவு இறுகின பனி வெயிலுக்கு இளகுதாம். உள்ளுக்குத் தண்ணி ஓடுதாம். மேல கிடக்கிறது அப்பிடியே சரிஞ்சு வருமாம். திரும்பிப் போகட்டாம்."

"இவ்வளவு நல்ல வெயில் எறிக்குது. இந்த மனிசிக்கு என்ன விசரே? எங்களைக் கண்டா இவையளுக்குப் பிடிக்காது" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே தமிழில் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, கீழே மரங்கள் இருந்த இடம்வரை கூட்டிவந்தார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடந்தேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. லொறியில் இருந்து கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், படத்துக்கென்று நான் தூரத்தில் கண் வைத்திருந்த மேட்டையே காணவில்லை. எங்கள் பாதையும் மூடிப்போயிருந்தது. நான் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது 'மெர்சி' ஒன்றுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இப்போதும் வீட்டில் நான் எதற்காவது அடம்பிடித்தால், "ஓம், வெயில் வரட்டும்" என்று கணவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அன்று திட்டியது நினைவுக்கு வந்தால் மனம் கூசும். இன்று கடைக்கு வரும் பிரெஞ்சுக்காரிகளோடு மணிக்கணக்காகக் கதைக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு மொழி வந்துவிட்டது. அவரை எங்கே தேடுவது என்றுதான் தெரியவில்லை.